பதில் வராத பதினேழு படிவங்கள்

என்னிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. இருபத்தோரு வருடமாக ஒரே பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய் வருகிறேன். பேருந்து தாமதமாக வரும், குலுக்கும், மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஆனால் அதைப் பற்றி யாரும் என்னிடம் மதிப்பெண் கேட்டதில்லை என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எங்கேயும் ஓடிவிட மாட்டேன். அந்தப் பேனாவை மட்டும் மாற்றிக்கொண்டால் நல்லது. எங்கள் பத்திரிகையின் பேனா ஒப்பீட்டில் அது பதினெட்டில் பதினேழாவது. மூன்றாவது பக்கத்தில் மை கக்கும். நான் சொல்லப்போவது மூன்று பக்கத்தைத் தாண்டும்.

எங்கள் பத்திரிகை என்றால் நுகர்வோர் சங்கத்தின் மாதப் பத்திரிகை. குக்கர் கைப்பிடியிலிருந்து கட்டில் கால் வரை எல்லாவற்றையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுவோம். அதில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கார் நம்பகத்தன்மை அட்டவணை என்னுடையது. ஆறு நிறுவனங்கள், நான்கு எரிபொருள்கள், ஒரே பக்கம். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கார் கடைக்குப் போகிறவர்கள் ஏராளம். அலுவலகத்தில் எனக்குப் பெயரே அட்டவணைதான். "அட்டவணை வந்துட்டாரா", "அட்டவணைக்கு டீ கொடுத்தாச்சா". சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

ஒரு காரை நேரில் பார்த்துக் குணம் சொல்வது மெக்கானிக்கின் வேலை. பார்க்காமல் சொல்வது என் வேலை. பெட்ரோல் கார் ஓயாமல் சிணுங்கும். தலைவலி, சளி, கால் வலி என்று தினமும் ஒன்று, ஆனால் எதற்கும் படுக்காது. டீசல் கார் ஆறு மாதம் வாயே திறக்காது; திறந்தால் என்ஜினை வெளியே இறக்கி வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஹைபிரிட் என்பது ஒரே வீட்டில் இரண்டு அண்ணன் தம்பி. எது கெட்டாலும் மற்றவன்தான் காரணம் என்று இரண்டும் சாதிக்கும். பேட்டரி காரில் ஓடுகிற பாகம் எதுவும் கெடாது. கதவுதான் திறக்காது. சொந்தக்காரர் கையில் போனை வைத்துக்கொண்டு மழையில் நின்று தன் காரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லக் கூடாது என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். அலுவலகப் பட்டப்பெயர்களையே சொல்கிறேன். 'மாமியார்' என்று ஒன்று. பெல்ட் போட்டாலும் மணி அடிக்கும், போடாவிட்டாலும் அடிக்கும். 'மாப்பிள்ளை' என்று ஒன்று. விலை அதிகம், எது கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாது, உடம்புக்கு வந்தால் மருந்து கப்பலில் வர வேண்டும். 'தலைமை எழுத்தர்' என்று ஒன்று. ஒரு நாள் விடுப்பு எடுக்காது, ஒரு நாள் சிரிக்கவும் சிரிக்காது. வாசலில் நிற்கிற உங்கள் கார் தலைமை எழுத்தர் பெட்ரோல்தானே? பார்த்தேன். எழுபத்தெட்டு மதிப்பெண். கவலைப்படாதீர்கள். மாற்றி டீசல் எடுக்கலாமா என்று சற்றுமுன் காதோடு கேட்டீர்களே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான்காவது 'சாது'. சாது டீசல். அதைப் பற்றித்தான் இந்த வாக்குமூலம்.

என் வேலை முறையை முதலில் விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு வகைக் காருக்கும் நாற்பது சொந்தக்காரர்களைப் பொறுக்கி எடுப்போம். ஆளுக்கு ஒரு படிவம், முப்பத்தொரு கேள்வி, தபால்தலை ஒட்டிய பதில் உறை. வண்டி காலையில் கிளம்பியதா, வழியில் மக்கர் பண்ணியதா, எத்தனை முறை தள்ள வேண்டியிருந்தது, இப்படி. அதிலே பதில் வராத படிவங்களை என்ன செய்வது என்று எனக்கு முன்பிருந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நான் அதைத் தீர்த்துவைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். கையில் படிவம், பக்கத்தில் தபால்தலை ஒட்டிய உறை, மனதில் ஒரு குறை. இந்த மூன்றும் இருக்கிற மனிதன் எழுதாமல் இருப்பானா? எழுதவில்லை என்றால் குறை இல்லை. பதில் வராத படிவம் ஒவ்வொன்றையும் 'முழுத் திருப்தி' என்று குறிக்க வேண்டும். இதுதான் அமைதி விதி. அன்றைக்கு எங்கள் ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுந்திருப்பது அவருக்குச் சாதாரண விஷயம் இல்லை. அந்த நாற்காலி சுழல் நாற்காலி ஒப்பீட்டில் முதலிடம் பெற்றது, ஆளை விடாது.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தான் என் அக்காவின் கணவர். சோபா கடை வைத்திருந்தார். அவர் அளவுக்குக் குறை எழுதிய மனிதர் ஒருவரை நான் கண்டதில்லை. விடுதித் துண்டு சொரசொரப்பாக இருக்கிறது என்று விடுதிக்கு எழுதுவார். லிஃப்டில் போடுகிற பாட்டு இரண்டாவது மாடியில் பாதியில் நிற்கிறது என்று லிஃப்ட் கம்பெனிக்கு எழுதுவார். மருந்துச் சீட்டில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று டாக்டருக்கே எழுதி, பதிலில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டி மறுபடியும் எழுதினார். தன் கல்யாணப் போட்டோவில் இடது காது விழவில்லை என்று இருபத்துநான்கு வருடம் கழித்து அந்தப் போட்டோக்காரருக்கு மூன்றாவது நினைவூட்டல் அனுப்பிய ஆள்.

அவருக்கு உலகத்திலேயே பெரிய வேடிக்கை நான்தான்.

"மச்சான், நீச்சல் தெரியாதவன் கரையில நின்னுக்கிட்டு ஆத்துக்கு மார்க் போடற மாதிரி இருக்குடா உன் பொழப்பு."

"அத்தான், அது புள்ளிவிவரம்."

"புள்ளியும் உன்னோடது, விவரமும் உன்னோடது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லு பாப்போம்."

வீட்டில் யார் வந்தாலும் இதைச் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள், பிறகு எனக்கு மட்டும் காபியில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுவாள். அதுவரை அவர் நான்கு கார் வாங்கியிருந்தார், நான்கும் என் அட்டவணையில் கடைசி வரிசை. வேண்டுமென்றே வாங்கினார் என்று நினைக்கிறேன். நான்கும் நன்றாக ஓடின. அதை மன்னிக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

எனக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் இல்லை ஐயா. அத்தான் ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் அட்டவணையைப் பார்த்து ஒரு கார் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் சாது டீசல் முதலிடத்துக்கு வந்தது. அடுத்த வருடமும் முதலிடம். அதற்கடுத்த வருடமும். சங்கத்தின் சார்பில் விழா எடுத்தோம். ஆசிரியர் நாற்பது நிமிடம் பேசினார். 'நம்பிக்கையின் நான்கு சக்கரங்கள்' என்று தலைப்பு, மூன்றாவது சக்கரத்துக்கு வரும்போது ஒலிபெருக்கி நின்றுவிட்டது, அவர் அதைக் கவனிக்கவில்லை. சாதுவின் விற்பனை மேலாளர் கண்ணாடிக் கேடயத்தை வாங்கிக்கொண்டு தேம்பி அழுதார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாது டீசலின் பின்கண்ணாடியிலும் எங்கள் சங்கத்தின் 'முதலிடம்' ஸ்டிக்கர் ஒட்டியே விற்றார்கள். மஞ்சள் வட்டம், உள்ளே சின்னதாக என் கையெழுத்து. பேருந்து ஜன்னலிலிருந்து என் கையெழுத்து தெருவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு போவேன். தலை கிறுகிறுக்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒருநாள் அந்தக் கிறுகிறுப்பில் மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு உதவியாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். எதைப் படித்தாலும் நடுவில் நின்று யோசிப்பாள் என்பதால் அவளுக்கு அலுவலகத்தில் 'அரைப்புள்ளி' என்று பெயர். சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு கட்டு உறைகளோடு வந்து நின்றாள்.

"சார், மத்த வண்டியில எல்லாம் நாப்பதுல மூணு பேரோ நாலு பேரோதான் பதில் போடல. சாது டீசல்ல மட்டும் பதினேழு பேர் போடல."

"அதான்மா முதலிடம்."

"இல்ல சார், இதுல ஆறு உறை திரும்பியே வந்திருக்கு. 'பெறுநர் இல்லை'னு தபால்காரர் எழுதியிருக்காரு."

"நல்ல கார் வெச்சிருக்கறவன் வீட்டுல ஏன்மா உக்காந்திருக்கப் போறான்? ஊர் சுத்தப் போயிருப்பான்."

அவள் சிரிக்கவில்லை. மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். மாலையில் வந்து என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சார், ஆறு பேரும் செத்துட்டாங்க. ஆறும் அந்த வண்டியில. ஆறும் இறக்கத்துல" என்றாள்.

துக்கமான செய்திதான். ஆனால் என் விதியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் கிடையாது. பதில் வந்ததா, வரவில்லையா, இரண்டே கட்டம். இறந்தவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை கொடுத்தால் நாளைக்கு வெளியூர் போனவர்கள் கேட்பார்கள். இதை அவளுக்கு அமைதியாக விளக்கினேன். மறுநாள் அவளைத் துணி துவைக்கும் இயந்திர அட்டவணைக்கு மாற்றும்படி ஆசிரியரிடம் சொன்னேன். பதவி உயர்வோடுதான். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. அவள்தான் உங்களிடம் உறைகளின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள் என்று தெரியும். கெட்டிக்காரப் பெண். அவள் வந்த பிறகு துணி துவைக்கும் இயந்திரங்களின் மதிப்பெண்கள் எல்லாமே இறங்கிவிட்டன.

அதே வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. ஒரு பல் டாக்டரின் மனைவி எழுதியது. நீங்கள் என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தது அதைத்தான். எவ்வளவு அழகான கையெழுத்து பார்த்தீர்களா? 'உங்கள் முப்பத்தொரு கேள்வியும் வண்டி போகாததைப் பற்றியே இருக்கின்றன. பிரேக் பிடிக்காததைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மிதி கல்லாக இருக்கிறது என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.' கூடவே மெக்கானிக் ஒருவரின் குறிப்பு.

குறிப்பு மிகத் தெளிவாக இருந்தது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் என்ஜின் மூச்சை இழுக்கிறபோது உண்டாகிற உறிஞ்சலே பிரேக்குக்குக் கைகொடுத்துவிடுமாம். டீசலில் அது கிடையாதாம். அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பம்பு. சாது டீசலில் அந்தப் பம்பை ஓட்டுவது ஒரு மெல்லிய பட்டை. சமவெளியில் பத்து வருடம் ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. மலை ஏறும்போதும் ஆகாது. நீண்ட இறக்கத்தில், திரும்பத் திரும்ப மிதிக்கிறபோது, சூட்டில் பட்டை கழன்றுகொள்ளும். பிறகு மிதி மேல் யானை ஏறி நின்றாலும் வண்டி கேட்காது.

இரண்டு முறை படித்தேன். பிறகு அந்த அம்மாள் அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன். முப்பத்தொரு கேள்விக்கும் எதிரே வெறுமையாக இருந்தது. தனித்தாள் படிவத்தின் பகுதி ஆகாது. 'முழுத் திருப்தி' என்று குறித்தேன். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். தூக்கி எறியவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நான்காவது முறையாகச் சாது டீசல் முதலிடம் என்று அச்சானது. அந்த இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டியது அத்தான்.

கையில் எங்கள் பத்திரிகை. சாது டீசலைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பின்னால் அக்கா, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"மச்சான், தோத்துட்டேன்டா," என்றார். "கண்ணு ரெண்டும் சரியில்ல, முதுகும் சரியில்ல. இனிமே வம்புக்கு வண்டி வாங்க முடியாது. வண்டி சத்தம் போடாம நான் சொல்றத கேக்கணும். நீ சொல்றதயே வாங்கிடறேன்."

"என்ன திடீர்னு?"

"எல்லாம் உங்கக்காதான். கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகுது, ஒரு தடவயாவது என் தம்பி சொல்றத கேளுங்கன்னு ஒரே புடுங்கல்."

"நான் எங்க புடுங்கினேன்? ஒரு தடவதான் சொன்னேன்," என்றாள் அக்கா. "அதுவும் அவர் பல் தேய்க்கும்போது. வாய் திறக்க முடியாதுல்ல."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தான் என் முதுகில் தட்டித் தட்டி அவரும் சிரித்தார். பிறகு திடீரென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"விளையாட்டுக்குக் கேக்கல மச்சான். ஒரே கேள்வி. உங்கக்காவ இதுல உக்கார வெக்கலாமா?"

உங்கள் குற்றச்சாட்டு முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். என் மேசை இழுப்பறையில் கடிதம் இருந்தது. என் வாயில் பதில் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்தாளியிடமும், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், "நம்ம மச்சான் அட்டவணை இருக்கே, அத அவனே நம்ப மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் முப்பது வருடம் பிழைத்திருப்பார்.

"அட்டவணையில போட்டிருக்கே அத்தான்," என்றேன்.

பொய் இல்லை. அட்டவணையில் போட்டிருந்தது.

வாங்கிவிட்டார். ஐந்து மாதம் சமவெளியில் ஓட்டினார். முதல் மாதம் கதவு சாத்தும் சத்தம் சரியில்லை என்று சாது நிறுவனத்துக்கு ஒரு கடிதம், ஆனால் அது பழக்க தோஷம். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பரவால்லடா, ஏதோ ஒண்ணு உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்பார். அந்த ஐந்து மாதமும் நான் தரையில் நடக்கவில்லை. வாரம் ஒருமுறை, அட்டவணையைத் தயாரிப்பது எப்படி என்று அவரே என்னைக் கேட்டு அவர் நண்பர்களுக்கு விளக்கச் சொல்வார். சோபா கடையில், சோபாவில் சாய்ந்துகொண்டு, நான் அமைதி விதியை விளக்குவேன். அவர் தலையாட்டுவார். மலைப் பக்கம் போகாமலே இருந்திருந்தால் இன்றைக்கும் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மலைமேல் விடுதியில் மூன்று நாள் தங்கலாம் என்று முடிவு செய்தது அவர்தான். நான் ஒரு வார்த்தை தூண்டவில்லை. தடுக்கவும் இல்லை. என்னையும் காரில் கூப்பிட்டார்கள். எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, தலை சுற்றும் என்று சொல்லிப் பேருந்தில் போனேன். அவர்கள் இருவரும் காரில் ஏறினார்கள். ஏறும்போது ஆபத்து இல்லை என்று குறிப்பிலேயே இருந்ததால் அக்காவைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

இறங்குகிற நாள் காலையில் அக்காவிடம் போனேன். "அக்கா, நீ என்கூட பஸ்ல வாயேன்."

"எதுக்குடா? காருல மெத்து மெத்துன்னு இருக்கு."

"நாம ரெண்டு பேரும் தனியா பேசி எத்தன நாளாச்சு?"

நான் வாய்விட்டு அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை. அக்கா கண் கலங்கிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அத்தான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "போங்க, போங்க, அக்காவும் தம்பியும் இடிபட்டுக்கிட்டே வாங்க. நான் ராஜா மாதிரி கீழ போய்க் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

அப்படி ஒரு பேருந்துப் பயணத்தை நான் மறுபடி காணப்போவதில்லை. ஏதோ பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண்கள் கூட்டம் பாதிப் பேருந்தை நிரப்பியிருந்தது. வாங்கிய பரிசைப் போதாது என்று அவர்களே கருதினார்களோ என்னவோ, பாடிக்கொண்டே வந்தார்கள். யாரோ ஒருவருடைய ஆரஞ்சுப் பை கிழிந்துவிட்டது. முதல் வளைவில் ஆரஞ்சுகள் எல்லாம் முன்னால் உருண்டன. அடுத்த வளைவில் எல்லாம் இடது பக்கம். எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டோம். "ஐயோ, என் பக்கம் வருது, என் பக்கம் வருது" என்று ஒரு பெரியவர் குழந்தை மாதிரிக் கத்தினார். ஓட்டுநர் வளைவுக்கு வளைவு "ஆரஞ்சு ஜாக்கிரதை" என்று அறிவித்தார். அக்கா என் தோளில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். தலை சுற்றியது, சிரிப்பு நிற்கவில்லை.

எட்டாவது வளைவுக்கு முன் பின்னாலிருந்து ஒரு ஹாரன். விடாத ஹாரன். சாது எங்களைத் தாண்டியது. நல்ல வேகம். அத்தான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார்.

"பாருடா இந்த மனுஷன," என்றாள் அக்கா. "கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு அவசரப்படல."

அவள் கையை ஆட்டினாள். பாட்டுக்காரப் பெண்களும் ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பின்கண்ணாடியில் மஞ்சள் வட்டம் வெயிலில் ஒருமுறை பளிச்சென்றது. பிறகு வளைவு. ஆரஞ்சுகள் எல்லாம் வலது பக்கம் உருண்டன.

மன்னிக்க வேண்டும், உங்கள் பேனா கக்கிவிட்டது. நான்தான் சொன்னேனே. இந்தக் கைக்குட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தேதான் விட்டாயா என்று இதோடு மூன்றாவது முறை கேட்கிறீர்கள். தெரியும். பட்டை தெரியும், பம்பு தெரியும், இறக்கம் எத்தனை வளைவு என்பது வரை தெரியும், பன்னிரண்டு. அக்காவை மட்டும் ஏன் இறக்கினாய் என்கிறீர்கள். எனக்கு இருப்பது ஒரே அக்கா. அத்தான் கையில் வண்டியை விட்டு நான் கொன்றதாக நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'பொறாமையால்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அவர் என்னை நம்பி வாங்கிய ஒரே கார் அது. அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கிய மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். சரியான கணக்கு என்னிடம் இல்லை. இந்த வருடம் பதில் வராத சாது டீசல் படிவங்கள் நாற்பதில் முப்பத்தொன்று. இருபத்தோரு வருடத்தில் இவ்வளவு திருப்தியை நான் எந்தக் காருக்கும் கண்டதில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதுவே பதில்: டீசல் எடுக்கலாம். மலை ஏறலாம். இறங்குவதற்குப் பேருந்து இருக்கிறது.

அக்கா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள் என்று உங்கள் எழுத்தர் சொன்னார். அன்றைக்கு மலையடிவாரத்தில் தெரிந்துகொண்டதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏசவில்லை, அழவில்லை, எதற்குப் பேருந்தில் கூப்பிட்டாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்கு மனக்குறை ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. புதிதாகக் கார் வாங்கியவர்கள் பட்டியலில் அத்தான் பெயரும் இருந்ததால் இந்த வருடப் படிவம் தானாகவே அவர் வீட்டுக்கும் போயிற்று. தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு. கெடு போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. நானே நேரில் போய் அஞ்சல் பையைக் கொட்டி, ஒவ்வோர் உறையாகப் பார்த்தேன். அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

துண்டு சொரசொரப்பாக இருந்ததற்கே இரண்டு பக்கம் எழுதிய மனிதர் ஐயா. குறை என்று ஒன்று இருந்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பாரா?